கையெழுத்து யாருடையது? தமிழ்நாட்டுப் பெண் தலைமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் குழுக்களுக்குக் கணக்குப் புத்தகம் எழுதக் கற்றுக்கொடுப்பது என் வேலை. வரவு செலவு முடிந்து டீ வரும்போதுதான் உண்மையான கேள்விகள் தலைகாட்டும். மேயர், டிராக்டர் கம்பெனி, மின்வாரியம், வங்கிக் கடன் என்று பேச்சு எங்கெங்கோ போகும். அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். ஒரு பெண் பொறுப்பில் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, காசோலையில் கையெழுத்து யாருடையது என்று. அடுத்துக் கேட்பது, போடுவதற்கு முன்னால் படித்துப் பார்த்தாரா என்று. கீழே உள்ள பதில்கள் பலவற்றில் இந்த வியாதி தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டமன்றத்துக்குள் முதலில் போன பெண் யார்? ஓட்டு எப்போது கிடைத்தது?

சென்னை மாகாணச் சட்டமன்றம் 1921-ல் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுதான் முதல். ஆனால் சொத்து இருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்த ஓட்டு. அந்தக் காலத்தில் எத்தனை பெண்களின் பெயரில் வீடும் நிலமும் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

உள்ளே போன முதல் பெண் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர், 1912-ல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர். மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு 1927-ல் அதன் துணைத் தலைவரானார். தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடியவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். முழுத் தடைச் சட்டம் 1947-ல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1929-ல், அவர் முயற்சியில் வந்த ஒரு திருத்தம் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கோயில் சேவைக்காக மானியமாகக் கொடுக்கப்பட்ட நிலங்களை, அந்தச் சேவைக் கட்டாயத்திலிருந்து விடுவித்து அந்தப் பெண்களுக்கே உரிமையாக்கிய திருத்தம் அது. வழக்கத்தை விட்டு வெளியே வரும் பெண்ணுக்கு மறுநாள் சோற்றுக்கு வழி வேண்டும் என்பதை ஒரு டாக்டர் கணக்குப் பார்த்திருக்கிறார். காந்தி கைதானதைக் கண்டித்து 1930-ல் பதவியை விட்டு விலகினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அடுத்து ருக்மிணி லட்சுமிபதி. வேதாரண்யம் உப்புப் போராட்டத்தில் சிறை சென்றவர், 1946-ல் மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர், சுகாதாரத் துறை. முதல்வர் பதவி என்று பார்த்தால் 1988 ஜனவரியில் ஒரு மாதம்கூட நீடிக்காத ஜானகி ராமச்சந்திரனும், 1991 முதல் பல முறை ஆண்ட ஜெயலலிதாவும்.

இரண்டு பெண் முதல்வர்களைக் கண்ட மாநிலத்தில் பெண் எம்.எல்.ஏ.க்கள் ஏன் இவ்வளவு குறைவு?

2021 தேர்தலில் 234 பேரில் 12 பேர். அவ்வளவுதான். உச்சியில் ஒரு பெண் இருந்தால் கீழே தானாக வழி திறக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். சீட்டு கொடுப்பது கட்சியின் மாவட்டச் செயலாளர் மட்டத்தில் முடிவாகிறது, அந்த நாற்காலிகளில் பெண்கள் மிகக் குறைவு. மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் 106-வது அரசியல் சட்டத் திருத்தம் 2023-ல் நிறைவேறிவிட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை இரண்டும் முடிந்த பிறகே நடைமுறை என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். கல்யாணம் நிச்சயம், முகூர்த்தம் மட்டும் பிறகு.

ஊராட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்கிறார்கள். நடத்துவது என்னவோ ‘தலைவர் வீட்டுக்காரர்’தானே?

எல்லாரும் சிரித்துக்கொண்டே கேட்கும் கேள்வி இது. சிரிக்காமல் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

ஊராட்சிகளுக்கான 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்களில் பெண்கள் உட்கார்ந்தார்கள். 2016-ல் அதைப் பாதியாக்கச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தப் பாதி கணக்கில் தேர்தல் நடந்தது ஊரகத்தில் 2019 டிசம்பரிலும், விடுபட்ட 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும், நகரங்களில் 2022 பிப்ரவரியிலும்.

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் வெறும் கூட்டத் தலைவர் இல்லை. நிர்வாக அதிகாரமே அவரிடம்தான். காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஒற்றை விதியில் பாதி அரசியல் அடங்கியிருக்கிறது. தலைவர் பதவி பெண்ணுக்கு, அல்லது பட்டியல் சமூகப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஊரில் காலங்காலமாகச் செல்வாக்குள்ளவர் அந்த வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார். தலைவரை மிரட்டத் தேவையே இல்லை, பேனாவை மூடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். தெருவிளக்கு எரியாது, மோட்டார் ரிப்பேர் ஆகாது, ஊர் தலைவரைத் திட்டும். இப்போது காசோலை இருந்த இடத்துக்கு டிஜிட்டல் கையொப்பமும் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் வந்துகொண்டிருக்கின்றன. ஓ.டி.பி. வரும் போன் யார் கையில் என்பதுதான் இன்றைக்குக் கேட்க வேண்டியது.

வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஆறு மாதம் கணவரோ அண்ணனோ கூடவே வருவார், பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசில் அவர்தான் பேசுவார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எந்தப் புது வேலையிலும் ஆள் துணை வேண்டியிருக்கும். இரண்டாம் வருடமும் அப்படியே இருந்தால்தான் கவலை. ஒரு தலைவர் அம்மா என்னிடம் சொன்னது: “கையெழுத்துப் போடுங்கன்னு ஃபைலை அடுப்படிக்கே கொண்டுவந்தாங்க. ஒரு நாள், ஆபீசுக்கு வந்து போடுறேன்னு சொன்னேன். அன்னைக்கிலேர்ந்துதான் நான் தலைவர்.” கையெழுத்து போடும் இடம் மாறியது, அவ்வளவுதான் நடந்தது.

கணவர் பெயரில்லாமல் மனைவி இல்லை என்று எழுதிவிடவும் முடியாது. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சண்முகம் பத்தாண்டு தலைவராக இருந்தபின் அவர் மனைவி லிங்கம்மாள் அந்தப் பதவிக்கு வந்தார். ஊராட்சிக்கென்று சொந்தக் காற்றாலை வாங்கி உலகம் முழுவதும் பேசப்பட்ட ஊர் அது. மின்சாரம் பற்றிய கேள்வியில் மறுபடியும் அங்கே போவோம்.

27 மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இடத்துக்கு அரசின் தனி அலுவலர்கள் வந்தார்கள். கற்றுக்கொண்ட கையெழுத்துகள் எல்லாம் வீட்டுக்குப் போயின. 2016-லிருந்து 2019 வரையிலும் இதேதான் நடந்தது. பெண்களுக்கு நிர்வாகம் வராது என்று சொல்பவர்கள் இந்த இடைவெளிகளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் நல்லது.

சென்னைக்கு இதுவரை எத்தனை பெண் மேயர்கள்?

மூவர். 1956-ல் தாரா செரியன், 1971-ல் காமாட்சி ஜெயராமன், 2022-ல் ஆர். பிரியா. பிரியா பதவியேற்றபோது வயது 28, அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் பெண். அந்த ஆண்டு 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன.

வேலையைச் சரியாகச் செய்தால் ஆபத்து வராதா?

வரும். வந்திருக்கிறது. மதுரை வில்லாபுரத்தில் 1996-ல் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் மாமன்ற உறுப்பினரான லீலாவதி, வார்டுக்குக் குடிநீர்க் குழாய் கொண்டுவரப் போராடினார். தண்ணீரை விற்றுப் பிழைத்த கும்பலுக்கு அது பிடிக்கவில்லை. 1997 ஏப்ரல் 23-ல், பட்டப்பகலில், தெருவில் வெட்டிக் கொன்றார்கள். நெல்லை மாவட்டம் தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணி 2011 ஜூனில், பொதுக் கழிப்பறை கட்டும் தகராறில், வெட்டப்பட்டு உயிர் பிழைத்தார். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சமூகப் பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020-ல் வெளியானதும் வழக்கு, கைது என்று ஆனது.

கவனித்தால் தெரியும், குழாய், கழிப்பறை, நாற்காலி போன்ற சின்னச் சின்ன விஷயங்களில்தான் அரிவாள் வெளியே வருகிறது. பெரிய கொள்கைப் பேச்சுக்கு யாரும் பயப்படுவதில்லை.

தொழில் குடும்பங்களில் மகளுக்குப் பங்கு உண்டா, இல்லையா?

சட்டப்படி உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்கும் சம சொத்துரிமை என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக 60 ஆண்டு பிடித்தது. 1989-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மாநிலம் திருத்தம் கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. நம் திருத்தத்தில் ஒரு கண்ணி இருந்தது: 1989-க்கு முன்பே கல்யாணமான மகள்களுக்கு அது பொருந்தாது. எங்கள் குழுவில் உள்ள பெரியவர்கள் பலர் அந்தத் தேதிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்கள்.

சொத்தில் பங்கு வேறு, நிர்வாகத்தில் நாற்காலி வேறு. சென்னையின் முருகப்பா தொழில் குழுமக் குடும்பத்தில் எம்.வி. முருகப்பன் 2017-ல் காலமானார். அவருக்கு இரண்டும் மகள்கள். மூத்தவர் வள்ளி அருணாசலம், அணுசக்திப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். குடும்பத்தின் தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் அந்தக் கிளைக்கு 8 சதவீதத்துக்குச் சற்று மேல் பங்கு. தனக்கோ தங்கைக்கோ இயக்குநர் பதவி வேண்டும் என்று கேட்டார். 2020 செப்டம்பரில் பங்குதாரர் கூட்டத்தில் 90 சதவீதத்துக்கும் மேலான வாக்குகளில் அது தோற்றது. 2023 ஆகஸ்டில் சமரசம் ஏற்பட்டதாக இரு தரப்பும் அறிவித்தார்கள். இந்தச் செய்தியைக் குழுவில் சொன்னபோது ஒரு பாட்டி கேட்டார்: “அந்தம்மாவுக்கே இந்தக் கதியா?” கோடிகளில் இருந்தாலும் பாகப்பிரிவினைப் பேச்சு திண்ணையில் நடப்பதுபோலத்தான் இருக்கிறது.

அப்பா கம்பெனிக்கு வாரிசாக வந்தவரைச் சாதனையாளர் என்பது சரியா?

மல்லிகா சீனிவாசனை மனதில் வைத்துத்தான் இதைக் கேட்பார்கள். சென்னையின் அமால்கமேஷன்ஸ் தொழில் குழுமத்தை உருவாக்கியவரின் பேத்தி, அமெரிக்காவில் வார்ட்டனில் படித்தவர், 1986-ல் குழுமத்தின் டிராக்டர் கம்பெனியான டாஃபேயில் சேர்ந்தார். 2005-ல் ஐஷர் நிறுவனத்தின் டிராக்டர் தொழிலை வாங்கி நாட்டின் இரண்டாவது பெரிய டிராக்டர் உற்பத்தியாளராக அதை வளர்த்தார். 2014-ல் பத்மஸ்ரீ. 2021-ல் பொதுத்துறை நிறுவனங்களின் தலைமைப் பதவிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் மத்திய வாரியத்துக்கே அவரைத் தலைவராக்கினார்கள். தனியார் துறையிலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் ஆள் அவர்.

மகன் வந்தால் ‘மூன்றாம் தலைமுறை’ என்கிறோம், மகள் வந்தால் ‘வாரிசு’ என்கிறோம். என் கணக்கில் கேள்வி, வந்தபோது இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் வித்தியாசம் என்ன என்பதே. டிராக்டர் வியாபாரம் மழையை நம்பிய வியாபாரம். ஒரு வருடம் பருவமழை பொய்த்தால் ஷோரூமில் சிவப்பு வண்டிகள் வரிசையாக நிற்கும். அதைத் தாண்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியிருக்கிறார்.

எந்தப் பின்னணியும் இல்லாமல் வந்தவர் வேண்டுமென்றால் பாட்ரிசியா நாராயண் இருக்கிறார். மெரினா கடற்கரையில் தள்ளுவண்டியில் தொடங்கி உணவக வரிசை வரை போனவர், 2010-ல் ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பின் பெண் தொழில்முனைவோர் விருது பெற்றவர்.

கம்பெனிகளில் பெண் இயக்குநர் கட்டாயமாமே?

ஆம், 2013 கம்பெனிகள் சட்டப்படி. பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களிலும், 100 கோடி மூலதனமோ 300 கோடி விற்றுமுதலோ உள்ள பொது நிறுவனங்களிலும் ஒருவராவது இருக்க வேண்டும். பல இடங்களில் முதலாளியின் மனைவியோ மகளோ அந்த இடத்தை நிரப்பினார்கள். அதனால் பெரிய நிறுவனங்களுக்கு, குடும்பம் சாராத பெண் ஒருவர் வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2019-லும் 2020-லும் விதியை இறுக்கியது. ‘தலைவர் வீட்டுக்காரர்’ கதைக்குக் கார்ப்பரேட் பதிப்பு.

மின்சாரத் துறையில் பெண்களே இல்லையே, ஏன்?

இருந்தார்கள், 80 ஆண்டுக்கு முன்பே. அ. லலிதா, சென்னைக்காரர், 1919-ல் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கைக்குழந்தையோடு விதவை. அந்தக் காலத்துப் பிராமண வீட்டில் அதற்குப் பிறகு என்ன வாழ்க்கை என்று சொல்ல வேண்டியதில்லை. அப்பா சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். ஆண்கள் மட்டும் படித்துக்கொண்டிருந்த அதே கல்லூரியில் மகளைச் சேர்த்தார். கட்டடப் பொறியியல் படிக்க தெரசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று இன்னும் இருவர் வந்தார்கள். பட்டச் சான்றிதழ் ‘அவன்’ என்ற பொருளில் அச்சாகியிருந்ததால், அதை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்களாம். லலிதா 1943-ல் பட்டம் பெற்றார், இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர்.

பிறகு ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி, சிம்லாவில் அரசு வேலை, 1948 முதல் கல்கத்தாவில் ஏ.இ.ஐ. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியாளர். மின்கடத்திக் கம்பித் தடங்களும் துணைமின் நிலைய அமைப்புகளும் அவர் மேசையில் வரைபடமாயின. பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலையிலும் அவர் பங்கு உண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், அறிவியலாளர்களின் முதல் உலக மாநாட்டுக்குப் போனார். 1979-ல் காலமானார். கூடப் படித்த தெரசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார், நாட்டிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

அந்தத் தொடக்கத்துக்குப் பிறகு கூட்டம் ஏன் சேரவில்லை? ஆபீசில் பெண்கள் சேர்ந்தார்கள். உதவிப் பொறியாளர், கணக்குப் பிரிவு, வருவாய் மேற்பார்வையாளர் என்று மின்வாரிய அலுவலகத்தில் எங்கும் பார்க்கலாம். 1989-ல் வந்த 30 சதவீத அரசுப்பணி ஒதுக்கீடு அதற்கு ஒரு காரணம். கம்பம் ஏறும் பக்கம்தான் காலி. கம்பியாளர், கள உதவியாளர் வேலைக்கு ஊரே ‘லைன்மேன்’ என்று பெயர் வைத்துவிட்டது. நள்ளிரவில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தால் தனியாகப் போக வேண்டும், பிரிவு அலுவலகங்கள் பலவற்றில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. உலக அளவிலும் எண்ணெய், எரிவாயுத் துறையில் பெண்கள் 22 சதவீதம், புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் 32 சதவீதம் என்று பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை 2019-ல் கணக்கிட்டது. சூரியத் தகடு வந்தபின் கொஞ்சம் வாசல் திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மொட்டைமாடிக்கு ஏற ஏணி போதும்.

ஓடந்துறை ஊராட்சியின் காற்றாலை 2006-ல் வந்தது. திறன் 350 கிலோவாட், செலவு 1.55 கோடி ரூபாய், பெரும்பகுதி வங்கிக் கடன். கிடைக்கும் மின்சாரத்தை வாரியத்துக்கு விற்று ஊராட்சி வருமானம் பார்த்தது. கடன் தவணை ஓடிக்கொண்டிருந்த முதல் ஆண்டுகளில் தலைவர் நாற்காலியில் இருந்தவர் லிங்கம்மாள். ரிப்பன் வெட்டுவதைவிடத் தவணை கட்டுவதே கடினமான வேலை. ஆனால் படம் எடுக்க ஆள் வருவது முதலாவதற்குத்தான்.

கூட்டத்தில் இதைப் பேசி முடித்ததும் நான் ஒரு கேள்வி கேட்பேன்: உங்கள் வீட்டு ஈ.பி. இணைப்பு யார் பெயரில்? கை தூக்குபவர்களை எண்ண ஒரு கை விரல் போதும். சிலிண்டர் யார் பெயரில் என்று கேட்டால் நிறையக் கைகள் எழும்.

மகளிர் குழு, கடன் உதவி எல்லாம் எங்கே தொடங்கின? வெளிநாட்டு யோசனையா?

பங்களாதேஷிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சென்னையில் 1978-லேயே ஜெயா அருணாசலம் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கிவிட்டார். காங்கிரஸ் கட்சியில் தீவிரமாக இருந்தவர். கட்சி அரசியலில் ஏழைப் பெண்களுக்கு ஆவது ஒன்றுமில்லை என்று வெளியே வந்தார். பூ, மீன், காய்கறி விற்பவர்களோடு உட்கார்ந்து என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர்கள் சொன்னது கடன். காலையில் 100 ரூபாய் வாங்கினால் மாலையில் வட்டியோடு கந்துவட்டிக்காரருக்குத் திருப்ப வேண்டிய நிலை. முதலில் அரசு வங்கிகளின் 4 சதவீத வட்டிக் கடனை வாங்கித் தந்தார். வங்கி திறந்திருக்கும் நேரம் வியாபார நேரம், படிவம் நிரப்பத் தெரியாது, கவுன்ட்டரில் மரியாதை கிடையாது. 1981-ல் பெண்களே நடத்தும் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். கையெழுத்து போடுவதோடு நில்லாமல் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கமும் போய் உட்கார்ந்தது அப்போதுதான். அவருக்கு 1987-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அரசு பக்கம், தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் வந்தது. 1989-ல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு குழுக்கள் முளைத்தன. அதுவே பின்னால் மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரவியது. 12 முதல் 20 பேர், குழுவை முன்னின்று நடத்த ஒரு ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள், வாரச் சேமிப்பு, உள்கடன், பிறகு சுழல் நிதி, வங்கி நேரடிக் கடன். இன்று ‘மதி’ என்ற பெயரில் பொருள்களும் விற்கிறார்கள்.

மதுரைப் பக்கம் ஒரு பெயரைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. அழகர்கோயில் அருகே புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை. கூலி வேலைக்கு ஆள் திரட்டிப் போகும் கொத்துத் தலைவியாக இருந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்களைச் சேர்த்தார். 2001 ஜனவரியில் டெல்லியில் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலில் விழுந்து வணங்கினார். நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. 2019-ல் பத்மஸ்ரீ. தனக்கென்று ஒரு வீடு கிடைக்க அரசு உத்தரவிட்டது 2024-ல்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படித் தலைமை தாங்குவார்? ஏமாற மாட்டாரா?

படித்தவர்கள் ஏமாறுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எழுத்து தெரியாதவர் மனக்கணக்கு வைத்திருப்பார், “அஞ்சாந்தேதி ராணி கட்டுன எழுநூத்தம்பது எங்கே?” என்று கேட்பார். படித்தவர் எழுதியிருக்கிறதே என்று நம்பிவிடுவார்.

குழுக் கடனும் மைக்ரோ ஃபைனான்ஸும் ஒன்றுதானே?

இல்லை. குழுவில் சேமிப்பு உங்களுடையது, யாருக்கு எவ்வளவு என்று தீர்மானம் போடுவது நீங்கள், வட்டியும் குழுவுக்கே வரும். மற்றதில் கம்பெனி கொடுக்கிறது, கம்பெனி வசூலிக்கிறது, உங்களை ஐந்து பேராகக் கட்டிவைப்பது ஒருவர் கட்டாவிட்டால் மற்றவரைப் பிடிக்க. இரண்டையும் ‘குழு லோன்’ என்று ஒரே பெயரில் அழைப்பதால் நிறைய வீடுகள் நாசமாகியிருக்கின்றன.

தொழில் தொடங்கப் பெண்களுக்கு என்னென்ன கடன், மானியம்? கணவர் நடத்தி மனைவி பெயரில் வாங்கலாமா?

முக்கியமானவை மட்டும் சொல்கிறேன், எண்கள் மாறக்கூடியவை என்பதால் மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை. பெண்களுக்கு நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம் மானியம், கைக்காசு 5 சதவீதம் போட்டால் போதும். மாநில அரசின் நீட்ஸ் திட்டம் 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரை, மானியம் 25 சதவீதம், உச்சம் 75 லட்சம். புதுமைத் தொழில் என்றால் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் டான்சீட் நிதி, பொதுவாக 10 லட்சம், பெண்கள் நடத்துவதற்கு 15 லட்சம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் காசு கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

இரண்டாவது பாதிக்குப் பதில்: செய்கிறார்கள், செய்யாதீர்கள். தவணை நின்றால் சிபில் என்கிற கடன் மதிப்பெண் கெடுவது உங்களுக்கு, நோட்டீஸ் வருவது உங்களுக்கு. ஒரு பெண் மகளின் கல்விக் கடனுக்குப் போனபோதுதான் தன் பெயரில் ஒரு லேத் பட்டறை இருந்து மூடப்பட்டதையே தெரிந்துகொண்டார். எப்போது கையெழுத்துப் போட்டோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். தீபாவளிக்கு முந்தின நாள், முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தபோது.

எங்கள் குழுவில் ஊக்குநர் பதவியை ஒருவரே பிடித்துவைத்திருக்கிறார். மாற்றச் சொன்னால் கோபம் வருகிறது. என்ன செய்வது?

ஆண்களைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதை ஒளிக்கக் கூடாது. பாஸ்புக் பீரோவில் இருக்கும் சுகம் பெண்களுக்கும் தெரியும். பதவியைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்பது குழு விதியிலேயே இருக்கிறது. சண்டை போடாதீர்கள். கூட்டத்தில் தீர்மானம் எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டு, நகலோடு புதிய ஊக்குநரின் ஆதார், போட்டோ வைத்து வங்கியில் கொடுங்கள். பழைய ஊக்குநரையும் கூட்டிப்போங்கள், அவர் கணக்கை ஒப்படைத்ததாக இருக்கட்டும், பறித்ததாக இருக்க வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் 11 வருடம் கழித்து இப்படி மாற்றினார்கள். புதிய ஊக்குநர் செங்கல் சூளையில் வேலை செய்பவர். மாதிரிக் கையெழுத்துக்கு மூன்று முறை போட வேண்டும். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. ஒன்றுபோல இல்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்றார் அதிகாரி. பழைய ஊக்குநர், அதுவரை மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தவர், பணம் எடுக்கும் சீட்டு ஒரு கத்தை எடுத்துவந்து பின்பக்கம் திருப்பி அவர் முன்னால் வைத்தார். “எழுதுடி. நான் நிக்கிறேன்.” மதியம் சாப்பாட்டு நேரம் வரை இருவரும் அந்த பெஞ்சில்தான் இருந்தார்கள்.